ஐயமும் அறமும்

 

எம் வயதினர் பலருடைய மேற்கையில் வட்டமான தழும்பு ஒன்று உண்டு. சிறுவயதில் அம்மை குத்திய வடு அது. அம்முயற்சியின் பயனாகப் பெரியம்மை 1977-இல் பாரதத்தை விட்டும், 1980-இல் உலகை விட்டும் ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்றது. அத்தழும்பைச் சுமந்த யாமே 2021-இல் கொரோனாத் தடுப்பூசிக்குத் தயங்கி நின்றோம். காரணங்கள் மூன்று.

முதலாவது அச்சம். அவ்வாண்டு ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மறைந்தார். ஊசியே காரணம் என்று ஊர் பேசிற்று. அன்று என அரசின் வல்லுநர் குழு பின்னர் ஆய்ந்து கூறியது பலர் செவியை எட்டவில்லை.

இரண்டாவது, "போகும் வயதில் ஊசி எதற்கு?" என்னும் அசட்டை. இதனைப் பற்றறுத்தல் என மயங்குவாரும் உளர். சல்லேகனை குருவின் அனுமதியுடன் விழிப்போடு ஏற்கும் நோன்பு. காக்கத்தக்க உடலை நோய்க்கு விட்டுவிடுதல் நோன்பாகாது.

மூன்றாவது, மருந்தில் உயிர்ப்பொருள் கலந்துள்ளதோ என்னும் ஐயம். இஃது அகிம்சையில் பிறந்தது, பழிக்கத்தக்கதன்று. கோவாக்சின் தயாரிப்பில் உயிரணுக்களை வளர்க்கக் கன்றின் குருதிநீர் பயன்படினும், முடிவான மருந்தில் அஃது இல்லை என 2021 ஜூனில் அரசு விளக்கிற்று. தயாரிப்பில் இம்சையே இல்லை என யாம் கூறோம். எனினும் இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டது சங்கற்ப இம்சையே என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எம் தமக்கையார் அந்த ஏப்ரலில், "போட்டுக்கொள்ளலாமா?" என்று எம்மைக் கேட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லலாகாது என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றிருந்தும், மருத்துவரைக் கேளாமலே, "சற்றுப் பொறுங்கள் அக்கா" என்றோம். மே மாதம் அதே நோயால் அவர் மறைந்தார். ஊசி அவரைக் காத்திருக்குமா, யாம் அறியோம். ஆயினும், சோர்வினால் உயிர்க்கு ஊறு விளைவிப்பதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம். எம் சோர்வு நாவில் இருந்தது. பிரதிக்கிரமணத்துக்கு அமரும்போதெல்லாம் அச்சொல்லே முன் நிற்கிறது.

ஆகவே, ஐயுறுதல் குற்றமன்று. அதனைக் கேளாமல் மனத்தில் பூட்டிவைத்தலே குற்றம். சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் முதியோர்க்கெனத் தடுப்பூசிகள் உள்ளன. தமக்கு எது ஏற்றது என மருத்துவரிடமே கேளுங்கள். இளையோர் பெரியவர்களைக் கடிந்துகொள்ளாது, அவர்தம் அச்சத்தைச் செவிமடுத்து, உடன் அழைத்துச் செல்லுங்கள். ஔஷத தானமும் அபய தானமும் அந்த ஒரு செயலில் அடங்கும்.

வாழ்க அருகன் அறம்!