மீன்தொட்டியில் ஒரு வேர்

நன்மை செய்யவேண்டும் என்ற எண்ணமே இன்றி விளையும் நன்மை, அறமாகுமா? இக்கேள்வியை எழுப்பப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. வீட்டு மீன்தொட்டியே போதும்.

மணி பிளான்ட் கொடியின் தண்டொன்றை நறுக்கி, இலைகள் வெளியே நிற்கக் கணு மட்டும் தொட்டிநீரில் அமிழுமாறு செருகிவைப்போர் பலர். சில வாரங்களில் வேர்கள் நீருக்குள் இறங்கும். மண்ணின்றிக் கொடி தழைப்பது எவ்வாறு? மீன்கள் தம் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது அவற்றுக்கே நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்ற, வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டே கொடிக்கு உரம். கொடி தழைக்கிறது, நீரில் தேங்கும் கழிவும் குறைகிறது.

இங்கு யாரும் யாருக்கும் தொண்டு செய்யவில்லை. மீன் கொடியை அறியாது; கொடியும் மீனை அறியாது. ஆகவே, 'அவரவர் தம் நலத்தைத் தேடினால் போதும். பொதுநலம் தானே விளையும்' என்று சிலர் முடிவுகட்டக்கூடும். அது அவசர முடிவு. ஏரியில் மீனின் கழிவு பரந்த நீரில் கரைந்துவிடும். கண்ணாடிச் சுவரெழுப்பி அதனை அடைத்தவர் மனிதர். இலண்டன் வேதியியலார் இராபர்ட் வாரிங்டன், பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே கலத்தில் வளர்த்த தம் ஆய்வை 1850-இல் வெளியிட்டார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அதனைக் கண்டு அவர் நத்தைகளை விட்ட பின்னரே கலம் சீர்பட்டது. அங்கே இசைவைக் காத்தது ஒரு மனிதரின் விழிப்பு.

மணி பிளான்டுக்கும் எல்லை உண்டு. அதன் இலைகள் விடும் உயிர்வளி அறைக்காற்றிலேயே கலக்கிறது. மீனுக்கு அதனால் பெரும்பயன் இல்லை. மீன்களோ இரையோ மிகுந்தால் வேரால் ஈடுகொடுக்க இயலாது. ஆகவே காற்றுக்குழாயும் நீர்மாற்றமும் என்றும் தேவையே. செடிக்கும் மீனுக்கும் நோக்கமில்லை. ஆனால் அவற்றை அடைத்துவைத்தவருக்குப் பொறுப்பின்றி இருக்க உரிமையில்லை.

இவ்வுவமையை மனித சமுதாயத்திற்கு நீட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். 'கழிவை அகற்றவும் சிலர் வேண்டுமன்றோ? அது இயற்கையான வேலைப்பங்கீடு' என்போர் உண்டு. கொடிக்குக் கழிவு உணவு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் மனிதருக்கோ அது உயிர்குடிக்கும் நச்சுவாயு. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் கொடுமையைத் தடுக்க 1993-லும் 2013-லும் இந்நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதன் பின்னும் அச்சாவுகள் நின்றபாடில்லை. அம்மனிதரை வேருக்கு ஒப்பிடுவது அநீதி.

கொடியால் விளைவது நன்மையே, ஆனால் அறமன்று. அறிவும் விருப்பமும் உள்ள இடத்தில்தான் அறம் பிறக்கும். அவ்விரண்டும் நமக்குத் தரப்பட்டுள்ளன. ஆகவே கொடியின் பசுமையை வியப்பதோடு நின்றுவிடாமல், நம் வீட்டுக் கழிவு எங்கே போகிறது, யார் கைகளால் போகிறது என்றும் கேட்போம்.