யார் யார் நம்மவர்?

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், சூரிஸ் ஆற்றங்கரையில் வேபர்ன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை 11,000 அளவில். சுற்றிலும் கோதுமை வயல்கள், எண்ணெய்க் கிணறுகள், தானியம் ஏற்றிச் செல்லும் ரயில் பாதை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களை இழுக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பிறருக்கு நாம் எந்த அளவுக்குக் கடமைப்பட்டவர்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் என் மனம் அந்த ஊருக்குத்தான் போகிறது.

அந்தச் சமவெளியில் பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே நெடுந்தூரம். விளைச்சல் பொய்த்த ஆண்டில் வைத்தியச் செலவுக்குக் கையில் காசிருக்காது. காசு வராத ஊரில் டாக்டர் தங்கமாட்டார். 1915இல் அந்த மாகாணத்தின் சார்னியா என்ற ஊராட்சி இதற்கொரு வழி கண்டது. டாக்டர் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க, வரிப்பணத்திலிருந்தே அவருக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே மாகாணச் சட்டமும் இதற்கு இடமளித்தது. தனியாகச் சமாளிக்க முடியாது என்று உணர்ந்தவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. இதைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருணை காட்ட ஒருவர் மேலே இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் ஒரே வானத்தை நம்பிப் பிழைத்தவர்கள்.

1930இல் டாமி டக்ளஸ் என்ற இளம் பாப்டிஸ்ட் போதகர் வேபர்னுக்கு வந்து சேர்ந்தார். பஞ்சமும் வேலையின்மையும் கைகோத்து வந்த பத்தாண்டு அது. உழுத நிலத்தின் மேல்மண் புழுதியாகப் பறந்தது. டாக்டரும் எட்டாமல் பணமும் இல்லாமல் இறந்துபோன இரண்டு இளம் குடும்பத் தலைவர்களை அடக்கம் செய்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவருக்கே சிறுவயதில் எலும்பு நோயால் காலை எடுத்துவிட வேண்டிய நிலை வந்தது. வின்னிபெக்கில் ஓர் அறுவை மருத்துவர், மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்காக இலவசமாகச் சிகிச்சை செய்ததால் கால் தப்பியது. ஒரு பிள்ளையின் கால் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கலாமா? 1944இல் அவர் மாகாண முதல்வரானார். அவர் தொடங்கிவைத்த பொது மருத்துவக் காப்பீடு 1962 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, டாக்டர்களின் 23 நாள் வேலைநிறுத்தத்தையும் தாங்கி நின்றது. பிறகு நாடு முழுவதும் பரவியது.

இதே வேபர்னில் 1921இல் ஒரு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் 2,000 பேருக்கும் மேல் அதில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். 1933இல் டக்ளஸ் தம் முதுகலை ஆய்வேட்டுக்கு வேபர்னின் சில ஏழைக் குடும்பங்களையே எடுத்துக்கொண்டார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று கருதப்பட்டோருக்குக் கருத்தடை செய்யலாம் என்று அதில் எழுதினார். இதை அறிந்தபோது எனக்கு மனம் கசந்தது. பசித்தவனுக்காக உருகிய அந்த மனிதரின் 'நம்மவர்' கணக்கில் அவர்கள் சேரவில்லை. பதவிக்கு வந்தபின் அத்தகைய யோசனைகளை அவர் ஏற்கவில்லை. மனம் மாறியதை நான் மதிக்கிறேன். ஆனாலும் நல்லவர்கள் போடும் கணக்கிலும் சிலர் விடுபடுவார்கள் என்ற பயம் எனக்குப் போகவில்லை.

1951இல் அந்த மருத்துவமனைக்கு ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் வந்தார். எல்எஸ்டி என்ற மாயக்காட்சி தரும் மருந்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே அவரைப் பலரும் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, கட்டடமே நோயாளியை வதைக்கிறது என்று அவர் வாதாடியது. கியோஷி இசுமி என்ற கட்டடக் கலைஞர் தாமே எல்எஸ்டியை உட்கொண்டு வார்டுகளில் நடந்து பார்த்தார். முடிவே தெரியாத தாழ்வாரங்கள் கலங்கிய மனத்துக்கு எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. இப்படி அடுத்தவர் கண்ணால் பார்ப்பது, வரி கட்டுவதைவிடக் கடினமான கடமை என்று நினைக்கிறேன். பிறகு யார்க்டன் நகரத்து மனநல மையத்தை வடிவமைத்தபோது, நீண்ட தாழ்வாரங்களை விட்டுவிட்டுச் சிறுசிறு பகுதிகளாகவே அதை அவர் அமைத்தார்.