அறை காலியாகத்தான் இருந்தது

ஒரு கிடங்கு தீப்பிடித்து எரிகிறது. செய்தி துண்டு துண்டாக வருகிறது. மின்கசிவுதான் காரணம் என்கிறார்கள். கசிவு ஏற்பட்ட சின்ன ஸ்டோர் ரூமில் ஆயில் பெயின்ட் டப்பாக்களும் கேஸ் சிலிண்டர்களும் இருந்ததாக அடுத்த தகவல். அப்புறம் அடர்த்தியான புகை, வெடிச்சத்தம், தீயணைப்பு வீரர்கள் திணறுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு திருத்தம்: அந்த அறையில் பெயின்டும் இல்லை, சிலிண்டரும் இல்லை. தீப்பிடிப்பதற்கு முன்பே அறை காலியாகத்தான் இருந்தது.

இப்போது சொல்லுங்கள், புகை ஏன் அவ்வளவு அடர்த்தியாக இருந்தது?

'பெயின்ட்' என்ற சொல் ஒரு கணம் தலைக்குள் வந்துபோயிருந்தால் கவலைப்பட வேண்டாம். ஹாலின் ஜான்சன், கொலீன் செய்ஃபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில் இதே மாதிரியான கதையைத்தான் வாசிக்கக் கொடுத்தார்கள். வாசித்தவர்களுக்குத் திருத்தம் ஞாபகம் இருந்தது. 'ஏதாவது திருத்தம் வந்ததா?' என்று நேராகக் கேட்டால் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஆனால் தீ ஏன் வேகமாகப் பரவியது, இன்ஷூரன்ஸ் பணம் ஏன் மறுக்கப்படலாம் என்று சுற்றி வளைத்துக் கேட்டபோது பலருடைய பதிலில் அந்த இல்லாத பெயின்ட் திரும்ப வந்து நின்றது. எரியக்கூடிய பொருளை அலட்சியமாக வைத்திருந்தார்கள், அதனால்தான் என்றார்கள்.

இந்த ஆய்வை முதலில் படித்தபோது சிரித்தேன். மனிதர்கள் எவ்வளவு அசடுகள் என்று நினைத்தேன். ரெண்டாம் முறை படிக்கும்போது 'அலட்சியம்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்தச் சொல்லை நானே ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. நான் அப்போது ஒரு சின்ன டீமுக்கு லீட். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மாற்றத்தை சர்வரில் ஏற்றினோம். நள்ளிரவு தாண்டியதும் பணப் பரிவர்த்தனைகள் அப்படியே நின்றுபோயின. கடைசியாக ஏற்றியது, சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பையனுடைய கோட். காலில் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் உடனே ஒரு காரணம் தேவைப்பட்டது. 'இவன் மாற்றத்தால்தான் என்று நினைக்கிறேன்' என்று குரூப்பில் எழுதியது நான்தான்.

ரெண்டு நாள் கழித்து உண்மை தெரிந்தது. நாங்கள் சார்ந்திருந்த இன்னொரு சர்வரின் சர்டிஃபிகேட் அன்று நள்ளிரவோடு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க யாருக்கும் ஞாபகமில்லை. பையனுடைய கோடுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் நேர்மையான ஆள் என்ற நினைப்பு எனக்கு உண்டு. எல்லோருக்கும் மெயில் போட்டேன்: 'காரணம் வேறு. அவனுடைய மாற்றத்தில் தவறில்லை.' அவனையும் கூப்பிட்டு ஸாரி சொன்னேன். கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து அப்ரைசல். அவனைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரி: திறமை உண்டு, ஆனால் சில சமயம் அலட்சியம், லைவ் சர்வர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அவனுடைய மதிப்பீடு ஒரு படி இறங்கியது. அந்த வருடமே வேறு வேலைக்குப் போய்விட்டான்.

எங்கிருந்து வந்தது அந்த வரி? அந்த நாலு மாதத்தில் அவன் எதையும் உடைக்கவில்லை. யாராவது என்னை உலுக்கி, 'அன்னிக்கு ராத்திரி தப்பு யாருது?' என்று கேட்டிருந்தால் அரைத் தூக்கத்திலும் 'சர்டிஃபிகேட்' என்று சொல்லியிருப்பேன். அறை காலி என்பது எனக்குத் தெரியும். இருந்தும் பெயின்ட் வாடையை வைத்தே எழுதியிருக்கிறேன்.

வாசிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது ஓரளவு புரியும். 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு சோதனை உண்டு. மிதக்கும் ஒரு கட்டையின் மேல் மூன்று ஆமைகள் இருக்கின்றன, அவற்றுக்கு அடியில் ஒரு மீன் நீந்திப் போகிறது என்று ஒரு வாக்கியம். பின்னால் கேட்கும்போது, மீன் 'அவற்றுக்கு' அடியில் போனதா, கட்டையைக் குறிக்கும் 'அதற்கு' அடியில் போனதா என்று பிரித்துச் சொல்ல ஆட்களால் முடியவில்லை. கட்டை மேல் ஆமை இருந்தால், ஆமைக்குக் கீழே போகும் மீன் கட்டைக்கும் கீழேதானே போகும்? ஆமைகள் கட்டைக்குப் பக்கத்தில் இருப்பதாக மாற்றிக் கொடுத்தால் இந்தக் குழப்பம் வரவில்லை. வாசிப்பவர் சொற்களை வைத்து ஒரு காட்சியைக் கட்டிக்கொள்கிறார். கட்டி முடித்தபின் சொற்கள் போய்விடும், காட்சி தங்கிவிடும். வால்டர் கின்ட்ஷ் போன்றவர்கள் வாசிப்பைப் பற்றி எழுதும்போது பிரதி சொல்வதை ஒரு அடுக்காகவும், பிரதியை வைத்து நாம் கட்டும் இந்தச் சூழலை இன்னொரு அடுக்காகவும் பிரித்துப் பேசுகிறார்கள்.

திருத்தம் வருவது முதல் அடுக்குக்கு. ரெண்டாவதில் நாம் ஏற்கெனவே பெயின்டிலிருந்து புகைக்கு, புகையிலிருந்து முதலாளியின் அலட்சியத்துக்கு என்று சுவர் எழுப்பி முடித்திருப்போம். 'பெயின்ட் இல்லை' என்றால் அங்கே ஒரு ஓட்டைதான் விழுகிறது. ஓட்டையோடு ஒரு கதையை வைத்துக்கொண்டிருக்க மனதுக்குப் பிடிப்பதில்லை. அதே கிடங்குக் கதையில், வெறுமனே மறுக்காமல், யாரோ வேண்டுமென்றே கொளுத்தியதற்கான பொருட்கள் கிடைத்தன என்று மாற்றுக் காரணம் கொடுத்தபோது பழைய பெயின்டின் பிடி கணிசமாகத் தளர்ந்தது.

அப்படியானால் என் விஷயத்தில்? மாற்றுக் காரணம்தான் இருந்ததே, சர்டிஃபிகேட்! சர்வர் ஏன் நின்றது என்ற கேள்விக்கு அது போதும். ஆனால் அந்த ரெண்டு நாளில் நான் இன்னொரு கேள்விக்கும் பதில் எழுதி வைத்துவிட்டேன்: இவன் எப்படிப்பட்ட ஆள்? அதற்கு சர்டிஃபிகேட்டிடம் பதில் இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு நேரான அனுபவம் உண்டு. வரியைத் தப்பாகக் கணக்கிடும் ஒரு பக் மூன்று நாள் ஓடியது என்று வையுங்கள். கோடைத் திருத்திவிட்டால் நாளையிலிருந்து கணக்கு சரியாக வரும். ஆனால் அந்த மூன்று நாளில் டேட்டாபேஸில் எழுதப்பட்ட தப்பு எண்கள் அங்கேயேதான் இருக்கும். அதை வைத்துப் போட்ட ரிப்போர்ட், அனுப்பிய பில் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப்போய் மாற்ற வேண்டும். கோடை மாற்றுவது அரை மணி நேரம், டேட்டாவைச் சரிசெய்வது ஒரு வாரம் என்று ஆவதுண்டு. இதெல்லாம் தெரிந்த நான், மனிதன் விஷயத்தில் கோடை மட்டும் திருத்திவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன்.

1975இல் லீ ராஸ், மார்க் லெப்பர், மைக்கேல் ஹப்பார்ட் மூவரும் செய்த ஆய்வு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. தற்கொலைக் குறிப்புகளில் எது நிஜம், எது போலி என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சிலரிடம் 'பிரமாதம்' என்றும் சிலரிடம் 'ரொம்ப மோசம்' என்றும் முன்கூட்டியே முடிவு செய்துவைத்த பொய் மதிப்பெண்ணைக் கொடுத்தார்கள். பிறகு, அந்த மதிப்பெண் இட்டுக்கட்டியது, உங்கள் திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் 'மோசம்' என்று கேட்டவர்கள் தங்களை மோசமாகவே மதிப்பிட்டார்கள். இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களை அப்படியே மதிப்பிட்டார்கள். பார்த்தவன் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை, பழி சுமந்தவனும் மாட்டிக்கொண்டான்.

இதற்கெல்லாம் ஒரு சுலபமான முடிவு இருக்கிறது: யாரையும் மாற்ற முடியாது, விட்டுத்தள்ளு. நானும் ரொம்ப காலம் அப்படித்தான் பேசினேன். திருத்தப் போனால் மக்கள் தங்கள் தப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள் என்று 2010இல் நைஹன், ரைஃப்லர் ஆய்வு ஒன்று பிரபலமானது. மாமா அனுப்பும் வாட்ஸப் செய்திக்கு பதில் சொல்லாமல் இருக்க எனக்கு அது நல்ல சாக்கு. பிறகு 2019இல் உட், போர்ட்டர் இருவரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்துப் பார்த்து, அந்த எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்கும் தென்படவில்லை என்று எழுதினார்கள். சராசரியாகப் பார்த்தால் ஆட்கள் திருத்தத்தின் பக்கம் நகரத்தான் செய்கிறார்கள். இதைப் படித்து ஒரு மாதம் கழித்து, டீக்கடையில் நண்பனிடம் 'திருத்தினா இன்னும் முறுக்கிக்குவாங்கடா, ஆராய்ச்சியே இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது.

ஆக, திருத்தம் வேலை செய்கிறது, முழுசாகச் செய்வதில்லை. மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி. தப்பாக நம்பியதற்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். அந்த ராத்திரி கையில் இருந்த தகவல் அவ்வளவுதான். ஆனால் உண்மை தெரிந்த பிறகு, அந்தப் பொய்யை வைத்து எங்கெங்கே என்னென்ன முடிவுக்கு வந்தேன் என்று தேடாமல் இருந்தது என் தப்பு. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மெயில் அனுப்பிய அன்றோடு முடிந்துவிட்டது.

ராஸ் ஆய்வில் இன்னொரு குழுவும் இருந்தது. அவர்களிடம் மதிப்பெண் பொய் என்பதோடு நிறுத்தாமல், பொய் என்று தெரிந்தபின்னும் அது எப்படி மனதில் தங்கும், ஏன் தங்கும் என்பதையும் விளக்கினார்கள். அந்தக் குழுவில் பொய்யின் பிடி பெருமளவு விட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் அவனுக்கு போன் செய்தேன். ஐந்து வருடத்துக்கு அப்புறம். அப்ரைசலில் எழுதிய வரியைச் சொன்னேன். அது எந்த ராத்திரியிலிருந்து வந்தது என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அது பரவாயில்லண்ணா. ஆனா அந்த ரெண்டு நாள்ல நானே அது நான்தான்னு நம்பிட்டேன். இப்பவும் ராத்திரியில எதையாவது ஏத்தணும்னா கை நடுங்கும். கவனம் பத்தாத ஆளுன்னு எனக்கே ஒரு நெனப்பு."

"நீ அன்னிக்கு எதையும் உடைக்கலடா."

"தெரியும்ணா."

அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று ராத்திரி ஒரு மணி நேரம் பேசினோம், அந்த வருடத்தில் அவன் உண்மையில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி. மறந்திருந்தேன் என்று நினைத்தவை நிறைய எனக்கு ஞாபகம் இருந்தன. அப்ரைசலில் அதில் ஒன்றைக்கூட எழுதவில்லை.