ஐந்தாவது குருவி

டிசம்பர் மாதம் பிறந்ததும் கிறிஸ்தவ இல்லங்களின் வாசல்களில் நட்சத்திர விளக்குகள் ஒளிர்கின்றன. கீத பவனி தெருத்தெருவாய்ச் செல்கிறது. இத்தனை மகிழ்ச்சியின் நடுவிலும் ஆலயத்தின் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருப்போர் உண்டு. திருமணமாகிப் பத்து வருடமாகியும் மடியில் பிள்ளை இல்லாதவள். வேலை போனதைப் பெற்றோரிடம் சொல்லத் துணிவின்றிப் பண்டிகைக்கு ஊர் வந்திருக்கும் மகன். பிள்ளைகளுக்குத் தான் பாரமாகிவிட்டதாக நினைக்கும் முதியவர். "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்னும் கேள்வி சாதாரண நாட்களைவிடப் பண்டிகை நாளில்தான் இவர்களை அதிகமாய்க் குத்துகிறது.

அன்பானவர்களே, அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே பெத்லகேமின் இரவு வந்தது.

அது எண்ணிக்கையின் காலம். உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டும் என்று அகுஸ்துராயன் கட்டளையிட்டான். பேரரசின் பார்வையில் நாசரேத்தூர்த் தச்சன் யோசேப்பு ஏட்டில் ஏறவேண்டிய ஒரு பெயர். வரி செலுத்தவேண்டிய ஒரு தலை. நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளுக்குச் சத்திரத்தில் இடமில்லை. பெத்லகேமோ, யூதாவின் ஆயிரங்களுக்குள்ளே சிறியது என்று மீகா தீர்க்கதரிசி குறித்த ஊர். அகுஸ்துராயன் மனிதரை எண்ணிக்கொண்டிருந்த அந்நாளில், தேவகுமாரன் அந்தக் கணக்கில் தாமும் ஒருவராக வந்து பிறந்தார்.

அவருடைய பெற்றோர் எவ்வளவு எளியவர்கள் என்பதை லூக்கா ஒரே வரியில் காட்டிவிடுகிறார். பிள்ளை பெற்றவள் தன் சுத்திகரிப்புக்காக ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவர வேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். அதற்குச் சக்தியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் சலுகை அளிக்கிறது. எருசலேம் தேவாலயத்திற்கு வந்த மரியாளின் காணிக்கையாக லூக்கா குறிப்பிடுவது பறவைகளைத்தான். உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கும் ஆட்டுக்குட்டியானவரைக் கையில் ஏந்தியிருந்த தாயிடம் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கப் பணமில்லை!

அந்தப் பாலகன் வளர்ந்து போதகரானபோது, எளியோரின் சந்தை அவருடைய பேச்சில் இடம்பெற்றது. அடைக்கலான் குருவியின் விலையை அவர் அறிந்திருந்தார். ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் என்கிறது மத்தேயுவின் சுவிசேஷம். இரண்டு காசுக்கு ஐந்து என்கிறது லூக்காவின் சுவிசேஷம். கணக்குப் பார்த்தால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. காய்கறிக்காரர் கூடையில் வீசும் கறிவேப்பிலையைப்போல, விலையே இல்லாமல் கைமாறுவது. அந்த ஐந்தாவது குருவியையும் சேர்த்தே, இவற்றில் ஒன்றும் தேவனால் மறக்கப்படவில்லை என்றார் ஆண்டவர். சந்தை கொசுறாக ஒதுக்கியதைப் பரலோகம் தன் கணக்கில் சேர்த்திருக்கிறது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்போர் இந்த இடத்தில் சற்று நின்று தியானிப்பது நல்லது.

இரட்சகருக்கும் உலகம் ஒரு விலை குறித்ததுண்டு. யூதாஸ் பெற்ற தொகை முப்பது வெள்ளிக்காசு. மாடு முட்டி ஓர் அடிமை இறந்தால் எஜமானுக்குக் கொடுக்கும்படி யாத்திராகமம் விதித்த தொகையும் அதே முப்பதுதான். ஆகவே சம்பளப் பட்டியலும் மதிப்பெண் பட்டியலும் வரதட்சணைப் பேரமும் ஒரு மனிதனுக்கு விலை குறிக்கும்போது, அந்த அவமானம் இன்னதென்று தேவகுமாரன் அறிந்திருக்கிறார்.

இந்த அன்பைக் கண்டடைந்தவர்களுள் பண்டித ரமாபாயின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1858-இல் பிறந்த அவர், சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தா அறிஞர்களிடம் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் பெற்றவர். ஆனால் பெற்றோரையும் சகோதரியையும் சகோதரனையும் ஒருவர்பின் ஒருவராக மரணம் கொண்டுபோயிற்று. 1882-இல் கணவரும் மறைந்தார். இருபத்துமூன்று வயதில், கைக்குழந்தையுடன் விதவையானார். அக்காலத்தில் விதவை என்றாலே அமங்கலம். எதிரே வந்தால் பயணத்தையே நிறுத்திவிடுவார்கள்.

1883-இல் இங்கிலாந்து சென்ற அவர், வழிதவறிய பெண்களைக் கிறிஸ்தவ சகோதரிகள் அன்புடன் பராமரிப்பதைக் கண்டு வியந்தார். உலகமே ஒதுக்கிய இவர்கள்மேல் ஏன் இத்தனை கரிசனை என்று கேட்டார். அவருக்கு விடையாகக் கிடைத்தது, யாக்கோபின் கிணற்றருகே இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் பேசிய வரலாறு. அவ்வாண்டே அவர் ஞானஸ்நானம் பெற்றார். எனினும், தான் அடைந்தது கிறிஸ்தவ மார்க்கத்தையே, கிறிஸ்துவை அல்ல என்று ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பட்டமும் புகழும் உபதேச அறிவும் உள்ள ஒருவருக்கே அத்தனை காலம் தேவைப்பட்டது என்றால், இன்று மனம் சோர்ந்திருப்போர் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

பின்னர் அவர் செய்ததை நாடு அறியும். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம் விதவைகளையும் அழைத்து வந்தார். பூனாவுக்கு அருகே கேட்கானில் முக்தி இல்லம் எழுந்தது. 1900-ஆம் ஆண்டளவில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கலம் பெற்றிருந்தனர். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கக் கற்றார்கள். விதவைகள் அச்சுக் கோத்தார்கள், தறி நெய்தார்கள். அமங்கலம் என்று கைவிடப்பட்டவர்களை அவர் பெயர் சொல்லி அழைத்தார்.

இங்கே இந்தியச் சபைகள் வெட்கப்படவேண்டிய ஒன்றும் உண்டு. ஆலய இருக்கையிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்து இடம் பிரித்த சபைகள் இந்நாட்டில் உண்டு. அவை கிறிஸ்துமஸ் குடிலை எத்தனை அழகாய் ஜோடித்தாலும், அதன் நடுவில் கிடக்கும் பாலகன் யாருக்காக வந்தார் என்பதை இன்னும் கண்டுகொள்ளவில்லை.

வயல்வெளியில் இராக்காவல் காத்த மேய்ப்பர்களுக்குத் தூதன் கொடுத்த அடையாளம் என்ன? துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தப்பட்ட ஒரு குழந்தை. ஏரோதின் அரண்மனையில் அவர் பிறந்திருந்தால், அந்த மேய்ப்பர்களைக் காவலர் வாசலிலேயே நிறுத்தியிருப்பர். முன்னணைக்குக் காவல் இல்லை. ஆட்டு வாசனை வீசும் உடையோடு, அகால வேளையில், வெறுங்கையாய் அவர்கள் நேரே உள்ளே போனார்கள். தகுதிச் சான்று எதையும் யாரும் கேட்கவில்லை. கண்டதையும் கேட்டதையும் குறித்து தேவனை மகிமைப்படுத்திக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுடைய பெயர்களை லூக்கா எழுதவில்லை. அவர்கள் கூலி உயர்ந்ததாகவும் செய்தி இல்லை. மறுநாள் இரவும் அதே வயல்வெளி, அதே மந்தை, அதே குளிர். ஆனால் அந்தக் குளிரில் விழித்திருந்தவர்கள், தங்களைத் தேடி வானம் திறந்ததைக் கண்ணால் கண்டவர்கள்.