தோல் அறியாத வேற்றுமை

கண்ணை மூடிக்கொள்ளலாம், செவியைப் பொத்திக்கொள்ளலாம், தோலுக்கோ இமை இல்லை. உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர், ஓரறிவுயிர்க்கும் உரியதெனத் தொடுவுணர்வையே முதலில் வைத்தார். இத்தொன்மையான அறிவை மனிதராகிய நாம் எவ்வாறு கையாள்கிறோம்?

ஆரோவில்லிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். அங்கே நீண்ட காம்புடைய பலகையால் உப்பை வாரும் தொழிலாளியின் தோல் ஒரே வேளையில் எத்தனை செய்திகளைப் பிரித்தறிகிறது! உப்புப் பரலின் முனையையும் விளிம்பையும் மெர்க்கல் அணுக்கள் உணர்த்துகின்றன. காம்பு கையில் நழுவத் தொடங்கியதுமே மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் எச்சரிக்கின்றன. பலகை தரையில் உரசும் அதிர்வைப் பசீனி உறுப்புகள் காம்பின் வழியே அறிகின்றன. தோல் இழுபடுவதை ரஃபினி முனைகள் காட்டுகின்றன. பாதவெடிப்பில் உவர்நீர் இறங்கும் எரிச்சலை உரைக்கத் தனி நரம்பு முனைகள் உள்ளன.

அழுத்தம் எவ்வாறு உணர்வாகிறது? ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டறிந்த பியெசோ புரதங்கள் இதற்கு விடை தந்தன. 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அணுவின் சவ்வு இழுபடும்போது இப்புரதம் வாயிலெனத் திறக்கிறது. அதனால் எழும் மின்குறிப்பை நரம்பு நெடுகச் சுமந்து செல்வது பெரும்பாலும் சோடியம். உப்பில் உள்ள அதே சோடியம்! யாரோ வாரிய உப்பு நம் உடலில் கலந்திருப்பதால்தான் நாம் தொடுவதை உணர்கிறோம்.

இன்னொரு வியப்பும் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடும்போது மிகுதியாகத் துலங்கும் நரம்பிழைகள் நம் தோலில் உள்ளன. அன்பான வருடலுக்கென்றே உடலில் ஒரு வழி அமைந்திருக்கிறது. ஆனால், தொட்டவர் எக்குலத்தவர் என அறிவிக்கும் நரம்பு ஒன்றேனும் இல்லை. சூட்டையும் குளிரையும், வழவழப்பையும் சொரசொரப்பையும் பிரித்தறியும் தோல் இந்த ஒரு வேற்றுமையை அறியாது. அதை வகுத்தது மனம்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும் உப்பை உண்டு, அதை வாரிய கையை விலக்கும் மனம் இன்னும் நம்மிடையே உண்டு. சொல்லாலேயே குணமாக்க வல்லவராயினும், இயேசு தொழுநோயாளியைக் கைநீட்டித் தொட்டார். சட்டம் தீண்டாமையைக் குற்றமாக்கலாம்; கை நீட்டவேண்டியவர்கள் நாமே.