ஒரு தந்தி போதும்

நல்ல கருவி கிடைத்தபின் இசை பயிலலாம், வசதி வந்தபின் அறம் செய்யலாம், ஓய்வு கிடைத்தபின் இறைவனை நினைக்கலாம் என்று மனிதன் நாளைக் கடத்துகிறான். நற்செயலுக்குத் தடையாக நிற்பது உண்மையில் பொருட்குறைதானா?

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஊர் ஊராகப் பாடிச் செல்லும் பாவுல் பாடகர்களின் கையில் இருப்பது ஏக்தாரா. ‘ஒற்றைத் தந்தி’ என்பதே அப்பெயரின் பொருள். உலர்ந்த சுரைக்குடுக்கை, அதன் அடியில் இழுத்துக் கட்டிய தோல், ஒரு முனை இரண்டாகப் பிளக்கப்பட்ட மூங்கில், ஒரு தந்தி ஆகியவையே அதன் உறுப்புகள். மூங்கிற் பிளவுகளை விரல்களால் அழுத்தினால் தந்தி தளர்ந்து சுரம் தாழ்கிறது. விட்டால் மீண்டும் உயர்கிறது. இக்கருவியைத் துணையாகக் கொண்ட வங்கதேசத்துப் பாவுல் பாடல்களை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ 2005-ஆம் ஆண்டில் அறிவித்தது.

ஆயினும் எளிமை என்பது உழைப்பின்மை அன்று. சுரைக்காய் நன்கு முற்ற வேண்டும். உள்ளிருக்கும் சதையையும் விதையையும் நீக்க வேண்டும். ஓடு ஈரமின்றி உலர வேண்டும். உள்ளே வெறுமையான பின்னரே அதில் நாதம் நிறைகிறது. இதற்கு வேண்டுவது பெரும்பணம் அன்று, பொறுமையே. ‘நான்’, ‘எனது’ என்பவை நிறைந்த உள்ளத்துக்கும் இதுவே நியதி.

ஒரு தந்தியால் வீணையின் பணியைச் செய்ய இயலாது என்பது உண்மையே. ஆனால் பாடுபவர் சுருதி பிறழாமல் காக்க அது போதும். தொடங்குபவனுக்கு வேண்டுவதும் அவ்வளவே. வீணை வாங்கும் நாளுக்காகக் காத்திருப்பவனின் வேலியிலும் சுரைக்காய் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது.