தேர்த்தட்டில் அமர்ந்த மனம்

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தை மனநல மருத்துவர் ஒருவர் முதன்முறையாகப் படிக்க நேர்ந்தால், தம்மிடம் வருபவர்களின் குரலை அதில் கேட்பார். இரு படைகளுக்கும் நடுவே தேரை நிறுத்தச் சொன்ன அர்ஜுனன், எதிரே பாட்டனாரையும் ஆசாரியரையும் உறவினரையும் கண்டதும் தன் நிலையைத் தானே எடுத்துரைக்கிறான். அவயவங்கள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. வெற்றி வேண்டாம், அரசு வேண்டாம், சுகமும் வேண்டாம், உயிர் வாழ்ந்துதான் என்ன பயன் என்கிறான். ஆயுதம் ஏந்தாத நிலையில் தன்னை அவர்கள் கொன்றுவிட்டாலும் நல்லதே என்பதோடு அவன் பேச்சு முடிகிறது. வில்லையும் அம்பையும் எறிந்துவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான்.

பாரதப் போரின் தலைசிறந்த வில்லாளி பேசும் பேச்சு இது. மனம் தளர்வது கோழைகளுக்கு மட்டுமே நேரும் என்ற எண்ணம் இங்கேயே தகர்ந்துவிடுகிறது. அந்த அத்தியாயத்திற்கு முன்னோர் ‘அர்ஜுன விஷாத யோகம்’ என்று பெயரிட்டனர். விஷாதத்திற்கும் யோகம் என்ற பெயர் கிடைத்தது சிந்திக்கத்தக்கது.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அர்ஜுனனின் துயரம் ஒரு கணத்தில் எழுந்தது. அதற்குக் கண்ணெதிரே காரணமும் இருந்தது. இன்று மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்று அழைப்பது குறைந்தது இரண்டு வாரங்களாவது நாள்தோறும் நீடிப்பது. உறக்கத்தையும் பசியையும் கெடுத்து, எதிலும் சுவையில்லாமல் செய்வது. பல சமயங்களில் வெளிக்காரணம் ஏதுமின்றியே வருவது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய் வந்திருப்பதாகக் காட்டியது. ஒரு சத்சங்கத்தில் 100 பேர் அமர்ந்திருந்தால் அவர்களுள் ஐவராவது இதனை அறிந்தவர்களாக இருக்கக்கூடும். அவர்கள் யாரென்பது பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியாது.

பகவான் பேசாதிருந்த நேரம்

சங்கரர் தமது கீதா பாஷ்யத்தில் இந்தப் பகுதியை விரிவாக விளக்காமல் கடந்து சென்று, இரண்டாம் அத்தியாயத்தில் உபதேசம் தொடங்கும் இடத்திலிருந்தே விரித்துரைக்கிறார். தத்துவ நோக்கில் அது சரியே. ஆனால் சோர்ந்த மனத்தைத் தேற்றும் பொறுப்பில் இருப்பவர் இப்பகுதியைக் கடந்து செல்வதற்கில்லை.

முதல் அத்தியாயத்தில் ஸ்ரீகிருஷ்ணர் பேசுவது ஒரே ஒரு முறை. கூடியிருக்கும் குருவம்சத்தாரைப் பார் என்கிறார், அவ்வளவுதான். அதன்பின் அர்ஜுனன் சுமார் 18 சுலோகங்களில் புலம்புகிறான். பகவான் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. அர்ஜுனனின் வாதங்களில் பிழைகள் இருந்தன. அவை பின்னால் ஒவ்வொன்றாகத் திருத்தப்படுகின்றன. ஆனால் அவன் பேசி முடிக்கும் முன் அவற்றை அவர் தொடவில்லை. துயருற்றவன் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், “உனக்கு என்ன குறை? எல்லாம்தான் இருக்கிறதே!” என்று மறித்துவிடும் நம் வீடுகளில் இந்த மௌனம் அரிது.

அடுத்து நிகழ்வதும் கவனிக்கத்தக்கது. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் பகவான் கடிந்துரைக்கிறார். இந்த இதய பலவீனத்தை உதறிவிட்டு எழுந்திரு என்கிறார். வீரத்திற்கான அறைகூவலாக மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் இடம் இது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு அர்ஜுனன் எழுந்தானா? எழவில்லை. மீண்டும் அதே துயரத்தைச் சொல்கிறான், தன் புலன்களை உலர்த்தும் இந்தச் சோகத்தைப் போக்கும் வழி தெரியவில்லை என்கிறான், சீடனாகச் சரணடைகிறான், சரணடைந்த பிறகும் போர் புரிய மாட்டேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகிறான். கடிந்துரை மட்டுமே போதுமானதாக இருந்திருந்தால் கீதை மூன்றாவது சுலோகத்திலேயே முடிந்திருக்கும். பகவான் புன்முறுவல் பூத்தவராய் உபதேசத்தைத் தொடங்குகிறார். அது 18ஆம் அத்தியாயம் வரை நீள்கிறது. இறுதியிலும், இதை முழுவதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார்.

செயல் முன்னே, மனம் பின்னே

உபதேசத்தின் உள்ளடக்கம் பரந்தது. ஆனால் இரண்டாம் அத்தியாயம் முதல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு கருத்து மனச்சோர்வுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கர்மத்தைச் செய், பலனைப் பற்றிய கவலையை விடு. உற்சாகம் வந்தபின் செயல்படலாம் என்று காத்திருக்கும் மனிதனுக்கு அந்த உற்சாகம் வருவதேயில்லை.

அமெரிக்கத் தத்துவ அறிஞரும் மனவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் இதைத் தம் வாழ்வில் கண்டவர். இளமையில் அவர் கடும் மனச்சோர்வுக்கும் அச்சத்திற்கும் ஆளானார். 28 வயதில், 1870 ஏப்ரலில், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனூவியேவின் நூலைப் படித்தபின் தமது நாட்குறிப்பில் ஒரு தீர்மானத்தை எழுதினார். மனிதனுக்குச் சுதந்திர இச்சை உண்டு என்று நம்புவதையே தமது சுதந்திர இச்சையின் முதற்செயலாகக் கொள்வது என்பது அத்தீர்மானம். ஒரே நாளில் அவர் குணமடைந்துவிடவில்லை. சோர்வு பின்னரும் வந்து போயிற்று. ஆனால் அவர் வகுத்துக்கொண்ட வழி நிலைத்தது. உணர்ச்சியை நேரடியாக ஆள முடியாது, செயலை ஆள முடியும், செயலை ஒழுங்குபடுத்தினால் உணர்ச்சியும் மெல்லப் பின்தொடரும் என்று அவர் பிற்காலத்தில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைத்தார். சுவாமி விவேகானந்தரை நேரில் சந்தித்துப் பழகியவர் அவர். 1902இல் வெளிவந்த சமய அனுபவங்கள் பற்றிய நூலில் சுவாமிஜியின் வேதாந்தச் சொற்பொழிவுகளைக் குறிப்பிடுகிறார். அதே நூலில் நோயுற்ற ஆன்மாவைப் பற்றிய பகுதியில், தாம் இளமையில் அனுபவித்த பயங்கரத்தை ஒரு பிரெஞ்சுக்காரரின் அனுபவம் என்று சொல்லி, பெயரை மறைத்து எழுதினார். அத்தனை பெரிய அறிஞருக்கும் ‘அது நான்தான்’ என்று சொல்லக் கூச்சமாயிருந்தது!

ஜேம்ஸ் சொன்னதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். கோவா மாநிலத்தில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களுள், கடும் மனச்சோர்வுற்ற 495 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவுகள் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2017இல் வெளியாயின. ஒரு பகுதியினருக்கு அந்நிலையங்களில் வழக்கமான மருத்துவ கவனிப்பு, சற்றே மேம்படுத்தப்பட்டு, தரப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு அதனுடன், பயிற்சி பெற்ற உள்ளூர்வாசி ஒருவர் ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசினார். அப்படிப் பேசியவர்கள் மருத்துவர்களோ மனவியல் பட்டதாரிகளோ அல்லர். அவர்கள் செய்தது எளிது: துயருற்றவர் விட்டுவிட்ட செயல்கள் எவை என்று கேட்டறிந்து, அவற்றுள் சிறியதொன்றை அடுத்த சந்திப்புக்குள் செய்யுமாறு சொல்லி, அடுத்த முறை வந்து அதைப் பற்றி விசாரித்தனர். அண்டை வீட்டாருடன் பேசுவது, கோயிலுக்கோ தேவாலயத்திற்கோ சென்று வருவது போன்ற செயல்களே அவை. மூன்று மாதங்களுக்குப்பின் பார்த்தபோது, இவ்வுதவி பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் சோர்வு நீங்கியிருந்தனர். பெறாதவர்களில் 39 சதவீதத்தினரே அவ்வாறிருந்தனர். பலன் எல்லோருக்கும் கிட்டவில்லை என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன.

சிறியதைச் செய்வது, செய்தாயா என்று கேட்க ஒருவர் இருப்பது: இவ்விரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. தனியே விடப்பட்டவனிடம் ‘கர்மயோகம் செய்’ என்று சொல்வது பாதி மருந்துதான். அர்ஜுனனுக்குக் கடிவாளத்தைப் பிடித்தபடி ஒருவர் அருகிலேயே இருந்தார்.

உணவும் உறக்கமும் மூச்சும்

யோக சூத்திரத்தில் பதஞ்சலி முனிவர் சித்தம் சிதறுவதற்கான தடைகளைக் கூறிவிட்டு, அச்சிதறலுடன் கூடவே வருபவை நான்கு என்கிறார்: துக்கம், தௌர்மனஸ்யம், உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு. தௌர்மனஸ்யம் என்பது மனம் நொந்துபோதல். இச்சை தடைப்படும்போது சித்தம் கலங்குவது என்று வியாச பாஷ்யம் அதற்குப் பொருள் கூறும். மனத்தின் துயரையும் உடலையும் மூச்சையும் ஒரே வரிசையில் வைத்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மனத்தை மனத்தாலேயே தூக்கி நிறுத்த முடியாதபோது, உடலையும் மூச்சையும் பற்றிக்கொண்டு மேலேறலாம்.

கீதையின் ஆறாம் அத்தியாயமும் இதே நோக்கில் பேசுகிறது. மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது. உணவிலும் உலாவலிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவறிந்தவனுக்கு யோகம் துயரை நீக்குவதாகிறது. மனச்சோர்வில் முதலில் குலைவது இவைதான். ஆகவே விடியலில் குறித்த நேரத்தில் எழுவது, வெயிலில் சிறிது நடப்பது, பசி இல்லாவிட்டாலும் வேளைக்கு ஒரு கவளமேனும் உண்பது ஆகியவை சாதனையின் அடிப்படையாகின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுற்ற 156 பேரிடம், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1999இல் வெளிவந்தது. வாரம் மூன்று முறை வேகமாக நடந்தோ மெல்ல ஓடியோ உடற்பயிற்சி செய்தவர்கள், 16 வாரங்களின் முடிவில் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு ஏறத்தாழ இணையாகத் தேறியிருந்தனர். தொடக்கத்தில் மாத்திரையே விரைவாக வேலை செய்தது என்பதையும் அவ்வாய்வு பதிவு செய்கிறது.

தியானத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சோர்வின் ஆழத்தில் இருப்பவரைக் கண்மூடி நெடுநேரம் தனியே அமரச் சொன்னால், அவர் தம் குறைகளையே திரும்பத் திரும்ப எண்ணிக் குமுறக்கூடும். சங்கரரின் குருவுக்குக் குருவான கௌடபாதர் இதற்கு விடை தந்திருக்கிறார்: மனம் லயத்தில் அமிழும்போது அதைத் தட்டியெழுப்ப வேண்டும், சிதறும்போதுதான் அடக்க வேண்டும். அமிழ்ந்த மனத்திற்கு அமைதி மருந்தாகாது. அத்தகையவருக்கு வாய்விட்டு நாமம் சொல்லுதல், பலருடன் சேர்ந்து பஜனை பாடுதல், பூப்பறித்துத் தொடுத்தல், பிறருக்குப் பரிமாறுதல் போன்ற கையும் காலும் இயங்கும் உபாசனையே முதலில் பொருந்தும். தியானம் பின்னர் வரட்டும்.

மாத்திரையும் பக்தியும்

இயற்கை வழிகளைப் பேசும் இடத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு, நம்பிக்கை இருந்தால் மருந்து எதற்கு என்று மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சோர்வு மீண்டும், முன்னைவிடக் கடுமையாக வரும்போது, தம் பக்தி போதவில்லை என்ற குற்ற உணர்வும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. நோய் ஒன்றாக இருந்தது இரண்டாகிறது.

நமது மரபு இந்தத் தவற்றைச் செய்யவில்லை. சரக சம்ஹிதை சிகிச்சையை மூன்றாக வகுக்கிறது: பிரார்த்தனை, விரதம் முதலானவற்றால் தெய்வத்தைச் சார்வது, உணவையும் மருந்தையும் யுக்தியால் அறிந்து தருவது, கேடானவற்றிலிருந்து மனத்தை மீட்பதாகிய ‘சத்வாவஜயம்’. ஒன்று மற்றதை விலக்கும் என்று சரகர் சொல்லவில்லை. உண்ணவும் உறங்கவும் இயலாத நாட்கள் நீளும்போதும், பிள்ளைப்பேற்றுக்குப்பின் தாயின் மனம் இருளும்போதும், இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை தோன்றினாலும், நடைப்பயிற்சியைக் காரணம் காட்டி மருத்துவரைத் தள்ளிப்போடலாகாது. மருந்தைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

இறக்கும் எண்ணம் வந்தவரிடம் அதைப் பற்றிக் கேட்டால் அவ்வெண்ணத்தைத் தூண்டியதாகிவிடும் என்று வீட்டார் அஞ்சி வாய்மூடி இருப்பதுண்டு. அந்த அச்சம் தேவையற்றது. அன்புடன் நேராகக் கேட்பதே நல்லது. கேட்டபின் அவரைத் தனியே விடாதிருக்க வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. துயருற்றவர் தாமே அழைக்கத் தயங்கினால், அவருக்காக உறவினர் அழைக்கலாம்.